மாரியாத்தாள் விட்டுக்கொடுத்த சீட்டு

மாரியாத்தாளைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். உட்காரும்போதெல்லாம் அவரைப் பற்றி எழுதாமல் என் பக்கத்து நியாயத்தைச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறேன். இந்தத் தடவை அந்தப் புத்தியை அடக்கிக்கொண்டு எழுதப் பார்க்கிறேன். என் ஆராய்ச்சிக் கோப்பில் அவர் பெயர் கிடையாது, முப்பத்தொன்று என்ற எண்தான் உண்டு. பெண், வயது முப்பத்து நான்கு, வலது கை, ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் தசைநார் அறுந்தது, நீலக் குழு. ஆராய்ச்சிக்கு அவ்வளவு போதும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நானும் நம்பினேன்.

என் பெயர் அசீனா. அப்பா சாகுல் ஹமீது ராஜபாளையத்தில் பஞ்சு மார்க்கெட் பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்தார். மெட்ராஸில் படித்துவிட்டு 1983-இல் ஊர் திரும்பி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தரும ஆஸ்பத்திரியில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டாகச் சேர்ந்தேன். விபத்திலோ நோயிலோ கை கால் முடங்கியவர்களை, அவரவர் அன்றாடம் செய்கிற வேலைகளைச் செய்ய வைத்தே தேற்றுகிற படிப்பு அது. ஊரில் ஒருவர் வாயிலும் அந்தப் பெயர் நுழையவில்லை. "கை டாக்டரம்மா" என்றார்கள். நான் டாக்டர் இல்லை என்று ஆறு மாதம் திருத்திப் பார்த்தேன். என் அம்மாவே அப்படிச் சொல்ல ஆரம்பித்ததும் விட்டுவிட்டேன்.

நான் படித்த காலத்தில் எங்கள் துறையில் ஆராய்ச்சி என்றால் பெரும்பாலும் கதை சொல்வதுதான். இன்னார் வந்தார், விரல் மடங்காமல் இருந்தது, இன்ன வேலை கொடுத்தேன், தேறினார், சந்தோஷமாக வீட்டுக்குப் போனார். பத்திரிகையைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் எல்லோரும் தேறிப் போய்க்கொண்டே இருப்பார்கள். தேறாதவரைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. எண்பதுகளின் நடுவில் காற்று மாறியது. விரல் எத்தனை டிகிரி மடங்குகிறது, பிடி எத்தனை கிலோ என்று அளந்து எழுதச் சொன்னார்கள். அதோடும் விடவில்லை. "அளந்தது சரி. உங்கள் சிகிச்சை இல்லாவிட்டாலும் அவர் தேறியிருக்க மாட்டாரா?" என்று கேட்டார்கள். மருந்துகளைச் சோதிப்பது மாதிரி நீங்களும் குலுக்கல் போட்டு நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரியுங்கள், ஒன்றுக்குப் புதிய முறை, இன்னொன்றுக்குப் பழைய முறை கொடுத்துப் பாருங்கள், அப்போது நம்புகிறோம் என்றார்கள். கேள்வி நியாயமானது, இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். எனக்கு அது தலைக்கேறிவிட்டதுதான் கோளாறு.

அடிபட்ட கைகளுக்கு இங்கே குறைவே இல்லை. ராஜபாளையத்து மில்களிலிருந்தும் சத்திரப்பட்டி தறிகளிலிருந்தும் மாதா மாதம் வந்துகொண்டிருந்தார்கள். மெட்ராஸில் இருந்த என் புரொபசர் வழிகாட்ட, 1988 ஆவணியில் முப்பத்தாறு பேரை வைத்து ஆராய்ச்சியைத் தொடங்கினேன். நீலக் குழுவுக்கு நாங்கள் வழக்கமாகக் கொடுப்பது: வாரம் இரண்டு நாள் சூடான மெழுகில் கையை முக்கி எடுப்பது, பந்தை அமுக்குவது, விரல் பயிற்சி. சிவப்புக் குழுவுக்கு அவரவர் வேலையே சிகிச்சை. தினம் இரண்டு மணி நேரம் நூல் முடிவது, மாவு பிசைவது, பூக் கட்டுவது, குடம் தூக்குவது. எந்த வாரம் எதை, எவ்வளவு என்று ஒவ்வொரு கைக்கும் தனித்தனியாகத் திட்டம் போட்டிருந்தேன். இருந்ததோ நான் ஒருத்தி. எல்லோருக்கும் தினம் இரண்டு மணி நேரம் கொடுக்க முடியாது, ஆகவே குலுக்கலில் அநியாயம் ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் சிவப்புதான் நல்லது என்று உள்ளுக்குள் எனக்குத் தெரியும்.

புதியவர்களைத் திங்கட்கிழமைகளில் மட்டும் சேர்த்தேன். வராந்தா பெஞ்சில் மூன்று பேர், நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அட்டெண்டர் இருளப்பசாமி ஒரு எவர்சில்வர் தூக்குவாளியில் மடித்த சீட்டுகளைப் போட்டு அவர்கள் முன்னால் நீட்டுவார். எடுத்தவர் பிரித்துப் பார்த்து, சிவப்பு வட்டமோ நீல வட்டமோ போட்ட அந்தச் சீட்டை உள்ளே வந்து என்னிடம் கொடுக்க வேண்டும். நான் வெளியே எட்டிப் பார்க்கவே மாட்டேன். பார்த்தால் என் விருப்பு வெறுப்பு குலுக்கலில் புகுந்துவிடுமாம், புத்தகத்தில் போட்டிருந்தது.

நீலத்தைக் கொண்டுவந்து கொடுப்பவர்களின் முகம் வாடிப்போகும். "இப்போதைக்கு உங்களுக்கு இதுதான்" என்பேன். பெண் கேட்டு வருகிறவரிடமும் வேலை கேட்டு வருகிறவரிடமும், முகத்தில் அடித்தாற்போல இல்லை என்று சொல்லாமல் அனுப்ப நம்மூரில் எல்லோரும் சொல்கிற வார்த்தை அது. எனக்கும் அதுதான் நாக்கில் வந்தது. அதற்குப் பின்னால் ஒரு நாள் சிவப்பு கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. கிடைக்காது என்றும் சொல்லவில்லை.

மாரியாத்தாள் சேத்தூர்க்காரர். கணவர் ஐயாதுரைக்குத் தென்னந்தோப்புகளில் கூலி வேலை, வருஷத்தில் பாதி நாள் கிடைக்கும். ஆறாம் வகுப்பு படிக்கிற ஒரு மகள். மாரியாத்தாள் தினமும் பஸ் பிடித்து ராஜபாளையத்தில் ஒரு மில்லுக்கு வேலைக்குப் போனார். வைண்டிங் பிரிவு, அதாவது கதிர்களில் இருக்கும் நூலை உருளைகளில் சுற்றி ஏற்றுகிற இடம். எட்டு வருஷம் தற்காலிகமாக இருந்து, 1987 பொங்கலுக்குத்தான் நிரந்தரமானார். மறு வருஷம் கார்த்திகையில், மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பல்சக்கரத்தின் ஓரம் ஒட்டியிருந்த பஞ்சைத் துடைக்கப் போய் வலது கையைக் கொடுத்துவிட்டார். மதுரையில் தைத்து அனுப்பினார்கள்.

1989 தை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். பெயரைக் கேட்டேன்.

"மாரியாத்தாள். வைண்டிங், பெர்மனென்ட்" என்றார். பெர்மனென்ட் என்பது அப்பா பெயர் மாதிரி கூடவே வந்தது.

"கையில என்ன செய்யணும் உங்களுக்கு?" என்று கேட்டேன். படிவத்தில் அந்தக் கேள்வி கிடையாது. சும்மா பேச்சுக்குக் கேட்டதுதான்.

"முடிச்சுப் போடணும்மா. ஒரு வருசத்துக்குள்ள வந்து போட்டுக் காட்டணும்னு சூப்பர்வைசர் சொல்லியிருக்காவ. நிமிசத்துக்குப் பத்து முடிச்சு. கார்த்திகைக்குள்ள போகலைன்னா எம் இடத்துல வேற ஆளைப் போட்டிருவாவளாம்."

சுற்றுகிற நூல் அறுந்தால் இரண்டு நுனியையும் பிடித்து முடிந்து மறுபடி ஓடவிட வேண்டும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பெருவிரலோடு வந்து சேராமல் அது நடக்காது. அவருக்கு அடிபட்டது அந்த இரண்டு விரல்களில்தான். தைத்த தசைநாரைச் சுற்றிலும் தழும்பு வளர்ந்துகொண்டே வரும். அது இறுகிப் போவதற்கு முந்திய சில மாதங்களுக்குள் விரலை மீட்டாக வேண்டும், அதற்கப்புறம் கஷ்டம். இது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

கையிலிருந்த சீட்டை நீட்டினார். நீலம். வழக்கம்போல "இப்போதைக்கு உங்களுக்கு இதுதான்க்கா" என்றேன். அவர் முகம் வாடவில்லை. "சரிம்மா, இருக்கட்டும்" என்று சிரித்தார். இவருக்காவது விஷயம் புரிகிறதே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அவருக்குப் பின்னாலேயே வத்திராயிருப்பிலிருந்து வந்த நாச்சியார் என்ற பெண் உள்ளே வந்தாள். இருபத்திரண்டு வயது, தறியில் அடிபட்ட கை, இடுப்பில் நான்கு மாதக் குழந்தை. அவள் கையில் சிவப்பு. அவள் கண் கலங்கியிருந்தது. சிவப்பு கிடைத்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாரியாத்தாள் ஒரு நாள்கூடத் தவறவில்லை. வாரம் இரண்டு நாள் சேத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, மெழுகில் கையை முக்கி, பந்தை அமுக்கிவிட்டுப் போவார். எதிர்ப் பக்கத்து மேஜையில் நாச்சியார் மாவு பிசைவாள், பூக் கட்டுவாள், மணல் நிரப்பிய தலையணையைக் குழந்தை மாதிரி அள்ளித் தூக்குவாள். மாரியாத்தாள் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். சித்திரையில் பன்னிரண்டு வாரம் முடிந்து அளந்தபோது நாச்சியாரின் விரல்கள் உள்ளங்கையைத் தொட்டன. மாரியாத்தாளுடையவை நான்கு சென்டிமீட்டர் தள்ளி நின்றுவிட்டன.

"அம்மா, எம் முறை எப்ப வரும்?" என்று கேட்டார்.

அவரும் சிவப்பு சிகிச்சைக்கு ஆசைப்படுகிறார் என்று மட்டும் புரிந்தது. ஆராய்ச்சி விதிப்படி ஆறாவது மாதம் கடைசியாக ஒரு முறை அளக்கும்வரை ஒரு குழுவின் சிகிச்சையை மற்றதற்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அவரைக் கணக்கில் சேர்க்க முடியாது. எனக்கு முப்பத்தாறு முழுசாக வேண்டியிருந்தது.

"ஆறு மாசம் முடியட்டும்க்கா, பார்ப்போம்."

"அப்படின்னா ஆடி." இடது கை விரல்களை மடக்கி எண்ணினார். "மில்லுல கார்த்திகை வரைக்கும் டயம் இருக்கு. அதுக்குள்ள வந்துரும். சரிம்மா, வாரேன்."

அன்றைக்கு அந்த விதியைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருக்கலாம். முப்பத்தைந்து பேரோடு எழுதியிருக்கலாம். இதை எத்தனை தடவை நினைத்துப் பார்த்தும் எனக்கு ஆறவில்லை. நான் கெட்டவள் இல்லை என்று சொல்லிக்கொள்ள ஏதாவது காரணம் தேடுவேன். அந்த இடத்துக்கு வந்ததும் ஒன்றும் கிடைக்காது.

ஆடி மாதத்தில் ஆறு மாதம் முடிகிற நாள் ஆண்டாள் தேர் நாளில் வந்து விழுந்தது. பஸ்கள் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிட்டன. ஆஸ்பத்திரியில் நானும் இருளப்பசாமியும் இன்னும் இரண்டு பேரும்தான். அவ்வளவு கூட்டத்தையும் தாண்டி, வெயிலில் நடந்து மாரியாத்தாள் வந்து சேர்ந்தார். தலைக்குக் குளித்து, துவைத்து மடித்த சேலை கட்டியிருந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் அவர் பிரிவிலிருந்து கேட்டு வாங்கி வந்த நூல் உருளை ஒன்று.

"இன்னைக்கு அளந்துட்டுப் போயிருங்க அக்கா. நாளைக்கு வந்திருந்தாக்கூடப் போதும், ஏன் இந்தக் கூட்டத்துல வந்தீங்க?" என்றேன்.

"நாளைக்கா? இன்னைக்குத்தானம்மா எம் முறை."

"என்ன முறை?"

"சிவப்பு. நீங்கதான ஆடின்னு சொன்னீய?"

எனக்குச் சுருக்கென்று எரிச்சல் வந்தது. "அக்கா, உங்களுக்கு விழுந்தது நீலம்" என்றேன்.

"இல்லம்மா, எனக்குச் சிவப்புதான் விழுந்துச்சு." சாதாரணமாகத்தான் சொன்னார். "நாச்சியா அன்னைக்குப் பிள்ளையைத் தூக்க முடியாம பெஞ்சுல உக்காந்து அழுதுக்கிட்டே இருந்தா. கைப்பிள்ளைக்காரி, பாவமா இருந்துச்சு. 'ஏட்டி, நீ இதை வச்சுக்கோ, நான் அடுத்ததுல வாங்கிக்கிடுதேன்'னு மாத்திக்கிட்டேன். உங்ககிட்டச் சொல்லணுமா அதை?"

எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு பெண்கள் பாத்திரச் சீட்டுப் போடுவார்கள். மாதம் ஒருத்திக்குக் குலுக்கலில் குடமோ அண்டாவோ விழும். விழுந்தவள் வீட்டில் அவசரமில்லை, பக்கத்து வீட்டில் கல்யாணம் என்றால், சீட்டை அவளிடம் கொடுத்துவிட்டு இவள் அடுத்ததில் வாங்கிக்கொள்வாள். முன்னே பின்னே ஆகலாம், ஆனால் கடைசிக்குள் எல்லோருக்கும் வந்துவிடும். ஒரே ஒரு தடவை குலுக்கி, விழாதவர்களுக்குக் கிடையவே கிடையாது என்கிற சீட்டை அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. எனக்கு இது தெரியாதா? என் அம்மா நூர்பானு இருபது வருஷம் பாத்திரச் சீட்டு நடத்தியவர். அந்தச் சீட்டிலிருந்து வந்த அண்டாவில்தான் எங்கள் வீட்டில் தண்ணீர் பிடித்து வைத்தோம். மெட்ராஸுக்குப் போய் நான்கு வருஷம் படித்துவிட்டு வந்ததும் சொந்த ஊர்க்காரர்கள் எப்படி யோசிப்பார்கள் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

இருளப்பசாமியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் ஒன்றையும் மறைக்கவில்லை.

"அஞ்சு சோடி மாத்தியிருக்காவம்மா. குருசாமி அந்தத் தையக்காரர் காமராஜுக்குக் குடுத்தான். தையக்காரன் கை இல்லாம என்ன செய்வான்? ரெண்டு பேருக்கு நானே சொல்லித்தான் குடுக்க வச்சேன். ஆருக்கு அவசரமோ அவிய முதல்ல போகட்டும்னு. தப்பா?"

தப்பு என்று அவரிடம் எப்படிச் சொல்வது? முப்பத்தாறு பேரில் பத்துப் பேர் குழு மாறியிருந்தார்கள். சிவப்புக் குழு அவ்வளவு நன்றாகத் தேறியது என் சிகிச்சையாலா, அல்லது கை தேறியே ஆக வேண்டும் என்ற வெறியோடு இருந்தவர்கள் எல்லாம் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததாலா என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு வருஷ வேலை கண்ணெதிரில் குப்பையாகிக் கிடந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு முதலில் வயிறு எரிந்தது அதற்காகத்தான். மாரியாத்தாளின் கை எனக்கு இரண்டாவதாகத்தான் ஞாபகம் வந்தது.

திரும்பிப் பார்த்தபோது அவர் சிவப்புக் குழு மேஜையில் போய் உட்கார்ந்து, பையிலிருந்து நூல் உருளையை எடுத்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போய் அவர் கையைப் பிடித்து விரல்களை மடக்கினேன். பாதியில் நின்றது. தழும்பு உள்ளே கல்லாக இறுகிவிட்டிருந்தது.

"ஆரம்பிக்கலாமாம்மா?" என்றார்.

ஆரம்பித்தோம். வேறு என்ன செய்வது? ஆடியிலிருந்து கார்த்திகை வரை நான்கு மாதம், ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல், தினம் மூன்று மணி நேரம் உட்கார்ந்தோம். மெழுகு, எண்ணெய், விரலை இழுத்துக் கட்டுகிற பட்டை, நூல், மாவு, எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்தேன். மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போய், தைத்த டாக்டரிடமே காட்டினேன். மறுபடி திறந்தால் இருப்பதும் போய்விடலாம் என்று கைவிரித்துவிட்டார். மாரியாத்தாள் வலியில் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொள்வார், நிறுத்தச் சொல்ல மாட்டார். நான்தான் நிறுத்துவேன். "ஏம்மா நிறுத்திட்டீய? நாள் இல்லம்மா, நாள் இல்ல" என்பார். நாச்சியார் விஷயம் தெரிந்து ஒரு நாள் வந்து, வாசலிலேயே நின்று அழுதுவிட்டுப் போனாள். மாரியாத்தாள் அவளிடம் "பிள்ளைக்குப் பல்லு மொளைச்சிருச்சா?" என்று கேட்டதோடு சரி.

நான்கு சென்டிமீட்டர் மூன்றாகியது. மூன்று இரண்டே முக்கால் ஆகி, அங்கேயே நின்றுவிட்டது.

புரொபசருக்கு எழுதினேன். பத்துப் பேர்தானே, பதிவேட்டில் என்ன நிறம் இருக்கிறதோ அதன்படி எழுதி அனுப்பு, இந்த அளவுக்கு யாரும் தோண்டப் போவதில்லை என்று பதில் வந்தது. நான் அனுப்பவில்லை. இதைப் பெரிய நேர்மை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் காகிதக் கட்டைத் தொடவே எனக்குக் கை கூசியது.

கார்த்திகை பிறந்ததும் மாரியாத்தாளோடு மில்லுக்குப் போனேன். சூப்பர்வைசர் பால்ச்சாமி நல்ல மனிதர். மிஷினுக்கு முன்னால் வேண்டாம் என்று தனியாக ஒரு பெஞ்சில் அறுந்த நூல்களைப் பரப்பி வைத்து, கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். வைண்டிங் பெண்கள் வேலையைப் பார்க்கிற மாதிரி எங்களைத்தான் பார்த்தார்கள். முதல் நிமிஷத்தில் நான்கு முடிச்சு விழுந்தது. "இன்னொருக்காப் போடு, அவசரமில்ல" என்றார் பால்ச்சாமி. இரண்டாவதிலும் நான்கு. மூன்றாவது தடவை மாரியாத்தாள் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு இடது கையால் இழுத்து முடிய ஆரம்பித்தார். தலையை ஆட்டி ஆட்டி, உதட்டோரம் எச்சில் வழிய, மூச்சு வாங்கிக்கொண்டு ஏழு முடிச்சுப் போட்டார். எட்டாவதில் நூல் உதட்டை அறுத்துவிட்டது.

"போதும் தாயி" என்றார் பால்ச்சாமி.

"எட்டு வந்துரும், இன்னும் ஒருக்கா."

"ஓடுற மிஷின்ல தலையக் குனிஞ்சுக்கிட்டு இப்படிச் செய்ய முடியுமா? நீயே சொல்லு. எனக்கு மட்டும் மனசு இல்லையா?" அவர் கடிகாரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டுக்கு மாரியாத்தாளோடு நடந்தேன். சேத்தூர் பஸ் வந்ததும் ஏறிக்கொண்டார். நான் "அக்கா" என்றேன். அவர் திரும்பவில்லை. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிப் பக்கம் வரவே இல்லை. தோப்பில் தேங்காய் பொறுக்கப் போகிறார், களை வெட்டப் போனால் மண்வெட்டி கையில் நிற்க மாட்டேன் என்கிறது என்று யாராவது சொல்லிக் காதில் விழும். எட்டாம் வகுப்போடு மகளின் படிப்பை நிறுத்திவிட்டார்கள். அவள் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி மடிக்கப் போனாள். கேள்விப்பட்ட அன்று நான் தெரபி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுது யாருக்கு என்ன பிரயோசனம்?

தொண்ணூறுகளில் எங்கள் துறையில் மறுபடியும் காற்று மாறியது. அளப்பது மட்டும் போதாது, குழு பிரிப்பது மட்டும் போதாது, நோயாளி எந்த வேலையைச் செய்ய விரும்புகிறார், சிகிச்சையை அவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்று அவர் வாயாலேயே சொல்லக் கேட்டு எழுதுவதும் ஆராய்ச்சிதான் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். வெளிநாட்டுப் பத்திரிகைகளில் படித்தேன். 1996-இல் ஒரு கருத்தரங்கிலும் அதையே பேசினார்கள், எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. இந்தக் கேள்வியைப் படிவத்தில் இல்லாமலே ஒரு திங்கட்கிழமை நான் கேட்டிருக்கிறேன், முடிச்சுப் போட வேண்டும் என்று பதிலும் வாங்கியிருக்கிறேன், எழுதிக்கொள்ளவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த வருஷமே அப்படி ஓர் ஆராய்ச்சியில் சேர்ந்தேன். பழைய நோயாளிகளைத் தேடிப் போய்ப் பேச வேண்டும். முதலில் சேத்தூருக்குத்தான் போனேன். போகாமல் இருந்துவிடலாமா என்று பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்தேன்.

மாரியாத்தாள் வீட்டு முன்னால் தென்னை ஈர்க்கு சீவிக்கொண்டிருந்தார். கத்தி இடது கையில் இருந்தது. மடங்காத இரண்டு விரல்களும் நீட்டியபடியே ஓலையை அமுக்கிப் பிடித்திருந்தன. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கம்மா" என்று பாயை விரித்தார். மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். இது சிகிச்சை இல்லை, கையைச் சரிசெய்ய வரவில்லை, கேட்டு எழுதிக்கொள்ள மட்டும்தான், வேண்டாம் என்றால் போய்விடுகிறேன் என்று முதலிலேயே இரண்டு தடவை சொன்னேன்.

"கேளுங்க" என்றார்.

கேட்கக் கேட்கச் சுருக்கமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில், தாளில் இல்லாத ஒரு கேள்வியை என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. அந்தச் சீட்டைக் கொடுத்த கதையை நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். மாரியாத்தாளுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று எல்லோரும் உருகியிருக்கிறார்கள், நானும் கூடச் சேர்ந்து உருகியிருக்கிறேன்.

"அக்கா, இப்படி ஆகும்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கு நாச்சியாருக்குச் சீட்டைக் குடுத்திருப்பீங்களா?"

"குடுத்திருக்கவே மாட்டேன்" என்றார் உடனே. "எனக்கும் பிள்ளை இருக்குல்லா? அடுத்த முறை எனக்கு உண்டுன்னு நம்பித்தான் குடுத்தேன். இல்லைன்னு தெரிஞ்சா எவ குடுப்பா?"

எழுதிக்கொண்டேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதிட்டீயளா? வாசிங்க, கேப்போம்."

வாசித்தேன். "முறை இன்னொரு தடவை வரும் என்று நம்பிக் கொடுத்தேன். வராது என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை."

மாரியாத்தாள் கத்தியைக் கீழே வைத்தார்.

"யாரும்னு போடாதீய. நீங்கன்னு போடுங்க."

அடித்துவிட்டு, அப்படியே போட்டேன்.